காமா கதிர் வெடிப்பை ஆராய்வது ஒரு பிழைப்பா? கோட்டையூர் ஆச்சிக்கு ஒரு பதில்

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "என் மகள் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மேலே படித்து 'காமா கதிர் வெடிப்பு' ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது என்ன? கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா? ராத்திரி முழுக்க மலையில் உட்கார வேண்டுமா? அதை வைத்துக் காலம் தள்ள முடியுமா, இல்லை வெளிநாட்டிலேயே தங்கிவிடுவாளா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஆச்சி, நான் தேவகோட்டைக்காரன். இந்தத் துறையில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். வெளிநாட்டில் சில வருடம் ஓட்டிவிட்டு இப்போது இந்தியாவில் வேலை பார்க்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. காமா கதிர் என்பது எக்ஸ் கதிரைவிடவும் ஆற்றல் கூடிய ஒரு வகை ஒளி. வானத்திலிருந்து வரும் அதைக் காற்று மண்டலமே தடுத்துவிடும், தரைவரை வராது. அதனால்தான் அதைப் பிடிக்கச் செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் வேலை பெரும்பாலும் கணினிக்கு முன்னால்தான். காலம் தள்ள முடியும். ஆனால் நிரந்தர வேலை என்று ஒன்று கையில் வர முப்பத்தைந்து வயது ஆகிவிடலாம். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அது என்ன என்று கேட்டீர்களே. 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. அன்று சாயங்காலம் கோட்டையூரில் விளக்கு வைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நம் நேரப்படி 6.47-க்கு ஃபெர்மி என்ற செயற்கைக்கோளின் கருவிகளில் ஒரு சின்னத் துடிப்பு பதிவானது. மூன்று நிமிடம் போல அடங்கிக் கிடந்தது. அப்புறம் வந்தது பாருங்கள், கருவிகளே எண்ணிக்கை தவறிப்போகும் அளவுக்கு ஒரு வெள்ளம். அந்த நேரத்தில் அது வந்த திசை டையூ பக்கம் அரபிக் கடலுக்கு நேர் உச்சியில் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்துக்கும் ஏறக்குறைய உச்சிதான். காற்று மண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலமே அதனால் கலங்கியது. கீழே இருந்த நமக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஒளி புறப்பட்டு 190 கோடி ஆண்டு ஆகியிருந்தது. மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து தன் எடை தாங்காமல் உள்ளே இடிந்து விழுகிறது. நடுவில் கருந்துளை பிறக்கிறது. சுற்றியிருக்கும் பொருள் அதற்குள் விழும்போது, இரண்டு துருவப் பக்கமும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் இரண்டு தாரைகள் பீறிடுகின்றன. அதில் ஒன்று நம் பக்கம் திரும்பியிருந்தால் நமக்குக் காமா கதிர் வெடிப்பு. திரும்பியிருக்காவிட்டால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சூரியன் தன் ஆயுள் முழுவதும், 1,000 கோடி ஆண்டில் தரும் ஆற்றலுக்கு ஈடானது சில நொடியில் வெளியாகிவிடுகிறது. 221009ஏ என்று பெயர் பெற்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வெடிப்பு இதுவரை பதிவானதிலேயே பிரகாசமானது. இப்படி ஒன்று பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்விஃப்ட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தத் திசையைப் பார்த்தது. அப்போதும் அது அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், நம் பால்வீதிக்குள்ளேயே ஏதோ ஒன்று பொங்கியிருக்கிறது என்று முதலில் நினைத்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். திசையும் பால்வீதித் தளத்தை ஒட்டி இருந்ததால் சந்தேகம் வரவில்லை. ஃபெர்மியின் பதிவையும் இதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்தத் துறையின் வேலை இதுதான். வெடிப்பு சில நொடியில் முடிந்துவிடும். யாருடைய கருவியில் என்ன பதிவானது, எது எதோடு சேரும், எது சேராது என்று பார்ப்பதற்கு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஆகும். உங்கள் பிள்ளைக்கு அதில் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தைரியம், மேதைமை எல்லாம் அப்புறம்.

இந்தத் துறை பிறந்ததே எதிர்பாராமல்தான். 1963-இல் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்ததும், ரஷ்யர்கள் திருட்டுத்தனமாக வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2-ஆம் தேதி அவற்றில் ஒரு காமா கதிர்த் துடிப்பு பதிவானது, ஆனால் அணுகுண்டின் சாயல் அதில் இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்து ஆட்கள் அவசரப்படவில்லை. 16 வெடிப்புகளைச் சேர்த்துவைத்து, பூமியிலிருந்தும் இல்லை, சூரியனிலிருந்தும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 1973-இல்தான் வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு வாய்ச்சண்டை. தூரம் தெரியவில்லை. தூரம் தெரியாவிட்டால் வெளிச்சத்தின் உண்மையான பலமும் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்ட கோட்பாடுகள் வந்து விழுந்தன. 1991-இல் போன காம்ப்டன் செயற்கைக்கோள் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது, வானத்தில் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவிக் கிடந்தன. பால்வீதியைச் சேர்ந்தவை என்றால் ஒரு பட்டையாகக் குவிந்திருக்க வேண்டும். 1995-இல் வாஷிங்டனில் மேடை போட்டே விவாதித்தார்கள். வெகு தொலைவு என்றார் போதன் பச்சின்ஸ்கி என்ற வானியற்பியலாளர், பக்கத்தில்தான் என்றார் டொனால்ட் லாம்ப் என்ற இன்னொருவர். 1997 பிப்ரவரி 28-ஆம் தேதி வெடிப்பில்தான் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் முதல்முறையாக எக்ஸ் கதிர்ப் பின்னொளியை, அதாவது வெடிப்பு அடங்கிய பிறகும் மங்கிக்கொண்டே தொடரும் ஒளியை, பிடித்தது. அந்த மே மாதம் இன்னொரு வெடிப்பின் பின்னொளியை ஹவாயின் கெக் தொலைநோக்கியால் அலசிப் பல நூறு கோடி ஒளியாண்டுத் தூரம் என்று காட்டினார்கள். அந்தக் குழுவில் ஹூப்ளியில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும் ஒருவர். பச்சின்ஸ்கி ஜெயித்தார். என்னைக் கேட்டால், தோற்ற லாம்பின் பக்கமும் அன்று கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் நியாயமானதாகத்தான் இருந்தது.

சரி, உங்கள் பிள்ளை அன்றாடம் என்ன செய்வாள்? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஃபெர்மியில் சோடியம் அயோடைடு உணரிகள் 12 இருக்கின்றன. ஒவ்வொரு காமா ஒளித்துகளும் எப்போது வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று அவை பதிவு செய்யும். அதைத் திரையில் வரைந்தால், கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் எண்ணிக்கை. வெடிப்பு இல்லாதபோதும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்காது, நொடிக்கு நூற்றுக்கணக்கில் பின்னணி ஓடிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் அந்தப் பின்னணியும் மெல்ல ஏறி இறங்கும். வெடிப்புக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் எடுத்து, அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வளைகோடு பொருத்தி, அதை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் வெடிப்பு. அந்த மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, 5 விழுக்காடு எந்த நொடியில் எட்டியது, 95 விழுக்காடு எந்த நொடியில் எட்டியது என்று பார்த்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் 'டி90'. வெடிப்பின் நீளம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

கேட்க எளிது. பின்னணிக்கு எந்த இடைவெளியை எடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் நகர்த்தினால் விடையும் நகரும். வால் பகுதி மங்கலாக இழுத்துக்கொண்டே போகும் வெடிப்பில் கேட்கவே வேண்டாம். 2021 டிசம்பர் 11-ஆம் தேதி வெடிப்புக்கு ஸ்விஃப்ட் கணக்கில் 51 நொடி, ஃபெர்மி கணக்கில் 34 நொடி. யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டும் வெவ்வேறு ஆற்றல் வரம்பில் பார்க்கும் வெவ்வேறு உணரிகள். புதிதாக வரும் மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். எது 'சரியான' எண் என்று கேட்பார்கள். எந்தக் கருவியில், எந்த வரம்பில் என்று சேர்த்துச் சொல்லாத எண்ணை இந்தத் துறையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அந்த டிசம்பர் வெடிப்பை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். 1993-இல் கிறிசா குவெலியோட்டு என்ற கிரேக்க நாட்டு விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், வெடிப்புகள் இரண்டு வகை, 2 நொடிக்குக் குறைந்தவை ஒன்று, அதிகமானவை மற்றொன்று என்று காட்டினார்கள். நீளமானவை பெரிய நட்சத்திரம் இடிவதால் வருபவை. குட்டையானவை இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும் மிக அடர்ந்த உருண்டைகள்) ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதுவதால் வருபவை என்று பின்னாளில் தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 17-இல் அதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் நடந்த மோதலின் ஈர்ப்பலை (வெளியையே அதிரவைத்துப் பரவும் அலை) முதலில் வந்தது, 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வந்தது. தொடர்ந்து பல நாள் மங்கிவந்த ஒளியில், இரும்பைவிடக் கனமான தனிமங்கள் புதிதாக உருவாகும் அடையாளம் தெரிந்தது. தங்கமும் அப்படி உருவாவதுதான். ஆச்சி, உங்கள் கழுத்துருவில் இருக்கும் தங்கத்தில் ஒரு பங்கு இப்படியொரு மோதலில் பிறந்ததாக இருக்கலாம். எவ்வளவு பங்கு, மற்ற வழிகள் எவை என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 2021 வெடிப்போ 2 நொடிக் கோட்டைத் தாண்டி வெகுநேரம் நீண்டது. நட்சத்திரம் இடிந்ததாக இருக்க வேண்டும் அல்லவா? அதன் பின்னொளியில் கிடைத்ததோ மோதலின் அடையாளம். நைனிடால் பக்கம் தேவஸ்தலில் இருக்கும் நம் 3.6 மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பார்த்தது. முப்பது வருடமாகப் பாடப் புத்தகத்தில் இருந்த கோடு அழிந்துவிடவில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி இனி யாரும் வகை பிரிக்க மாட்டார்கள்.

இந்தத் துறையில் ஒரு வாழ்க்கை எப்படி ஓடும் என்பதற்கு அதே குவெலியோட்டுவைப் பார்க்கலாம். தூரமே தெரியாத காலத்தில், 1981-இல், மியூனிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் நாசாவின் மார்ஷல் மையத்தில் நெடுங்காலம். 1993-இல் அந்த இரண்டு வகைக் கட்டுரை. 1998-இல் பக்கத்துத் துறைக்குள் நுழைந்து, மேக்னடார் எனப்படும் அதீதக் காந்தப்புலம் கொண்ட நட்சத்திரங்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று காட்டினார். அதற்காக 2021-இல் வானியலுக்கான ஷா பரிசைப் பகிர்ந்துகொண்டார். பட்டத்துக்கும் பரிசுக்கும் நாற்பது வருட இடைவெளி. இன்னொரு பக்கம் நீல் கெரல்ஸ். ஸ்விஃப்டைத் தலைமை ஏற்று நடத்தியவர். 2017 பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் ஆயுளெல்லாம் துரத்திய குட்டை வெடிப்புகளின் பிறப்பிடம் அந்த ஆகஸ்ட்டில் நேரடியாகத் தெரிந்தது. மறு வருடம் ஸ்விஃப்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

எல்லோரும் குவெலியோட்டு ஆகிவிடப் போவதில்லை. சாதாரண ஆராய்ச்சியாளர் பாதை இது: எம்.எஸ்சி. இரண்டு வருடம், முனைவர் பட்டம் ஐந்து ஆறு வருடம், அப்புறம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த வேலைகள். இந்த ஒப்பந்தங்களை நம் ஊரில் விளக்குவது சுலபம். அந்தக் காலத்தில் நம் ஐயாக்கள் கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, மூன்று வருட ஒப்பந்தத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்க் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் தங்கி, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, மறுபடியும் கப்பல் ஏறவில்லையா? இதுவும் அப்படித்தான். இரண்டு வருடம் ஒரு நாடு, மூன்று வருடம் இன்னொரு நாடு. ஒவ்வொரு முறையும் போன இடத்தில் என்ன செய்தாய் என்ற கணக்கைக் காட்டினால்தான் அடுத்த இடம். ஒரு வித்தியாசம், அன்று பெண்கள் ஊரில் இருந்தார்கள், இப்போது அவர்களும் போகிறார்கள். கல்யாணம், குழந்தை எல்லாம் சரியாக இந்தக் காலக்கட்டத்தில்தான் வந்து நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை பார்க்கும்போது இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணம்? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வாடகைப்படி தனி. ஐ.டி. கம்பெனியோடு ஒப்பிட்டால் குறைவு, ஆனால் படிக்கும் காலத்தில் வீட்டில் கை நீட்ட வேண்டாம். பாதியில் துறையை விட்டு வெளியே வருகிறவர்களும் நிறைய. அவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து சமிக்ஞையைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆளுக்கு வங்கியிலும் வேலை உண்டு, மென்பொருள் நிறுவனத்திலும் உண்டு.

மலையில் உட்கார வேண்டுமா என்று கேட்டீர்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் நம் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூர் பக்கம் ஓசக்கோட்டையில் உட்கார்ந்தபடியே இயக்குகிறார்கள். பக்கத்திலேயே ஐ.ஐ.டி. பம்பாயும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கும் 70 செ.மீ. தொலைநோக்கி ஒன்று, எங்காவது வெடித்தது என்று தகவல் வந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது. ரேடியோ அலைக்குப் புனே பக்கம் 30 பெரிய அலைவாங்கிகள். மேலே நம் வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதிலிருக்கும் சி.இசட்.டி.ஐ. என்ற கருவியை அக்டோபர் 6-இல் இயக்கிய முதல் நாளே ஒரு காமா கதிர் வெடிப்பு அதில் பதிவாகிவிட்டது. அதில் பதிவான வெடிப்புகளின் எண்ணிக்கை 2022-இல் 500-ஐத் தொட்டது. ஆக, ராத்திரி விழிப்பது உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சொந்த அறையில் கைபேசி அலறுவதால்தான். குழுவில் முறை போட்டுக்கொள்வார்கள். செயற்கைக்கோளின் எச்சரிக்கை வந்ததும், இன்று யார் முறையோ அவர் எழுந்து, திசை நமக்குத் தெரிகிறதா, இருட்டு எவ்வளவு நேரம், நிலா எங்கே என்று பார்த்துத் தொலைநோக்கிக்குச் சொல்ல வேண்டும். கண்டதை நாலு வரியில் எழுதி, உலகத்தில் இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் போகும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். காலையில் கண் எரியும். சின்ன வயதில் அது பிடித்தும் இருக்கும்.

வெளிநாட்டிலேயே தங்கிவிடுவாளா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. சில வருடம் போகாமல் இருப்பது கடினம். திரும்பி வர இடம் இருக்கிறது: புனேயில் ஐயூக்கா என்ற வானியல் மையம், பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம், மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனம், நைனிடாலில் ஏரீஸ் என்ற வானாய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் ஐ.ஐ.எஸ்.டி., இவற்றோடு ஐ.ஐ.டி.களும், ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி நிறுவனங்களும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

இப்போது அவள் செய்ய வேண்டியது. சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் வானியற்பியலுக்கு அங்கே ஆள் இல்லை, அழகப்பா கல்லூரிகளில் அவள் படிக்கும் இயற்பியல்தான் அடித்தளம். அதைப் பழுதில்லாமல் படிக்கட்டும், முக்கியமாக மின்காந்தவியல், புள்ளியியல், சிறப்புச் சார்பியல். பைத்தான் கற்றுக்கொள்ளட்டும். ஃபெர்மியின் தரவுகள் எல்லாமே பொதுவில் காசில்லாமல் கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன டி90 கணக்கை ஒரு சாதாரண மடிக்கணினியில், வீட்டு வளவில் உட்கார்ந்தே போட்டுப் பார்க்கலாம். முதலில் பிரகாசமான ஒரு வெடிப்பை எடுத்துச் செய்யட்டும். வெளியிடப்பட்ட எண்ணோடு ஒப்பிடட்டும். ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று தேடட்டும். அந்தத் தேடல் அவளுக்குச் சலித்துப்போனால் இந்தத் துறை வேண்டாம். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தால் தடுக்காதீர்கள்.

மூன்றாம் வருடம் தொடங்கியதும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு பிப்ரவரியில். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அதுதான் வாசல். ஆராய்ச்சி நிறுவனங்களின் முனைவர் படிப்புகளுக்கான ஜெஸ்ட் தேர்வையும் சேர்த்து எழுதட்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை விடுமுறையில் மாணவர்களை ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு இந்த வருடமே விண்ணப்பிக்கலாம், செலவுக்கும் அவர்களே கொடுப்பார்கள். இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தால், இது தனக்கு ஒத்துவருமா என்று அவளே உங்களிடம் சொல்லிவிடுவாள். அந்த விண்ணப்பத்துக்கு ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், கடைசி வாரத்தில் போய் நிற்காமல் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.